வெல்லம் காய்ச்சிய மாமாவின் ரத்தம்

பிள்ளைகளே, உங்கள் அம்மாவைப் பெற்றவர் எனக்குத் தாய்மாமன், என் அம்மாவுக்கு அண்ணன். நீங்கள் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டு வளர்ந்தீர்கள். எனக்கு அவர் கடைசிவரைக்கும் மாமாதான். அதனால் இதில் மாமா என்றே எழுதுகிறேன். என்னைப் பெற்றவரை நான் நைனா என்பேன். இந்த இரண்டு பேரை மட்டும் குழப்பிக்கொள்ளாமல் படித்தால் போதும்.

ஒரு மாசி மாதத்தில் மாமாவின் உயிர் போகப் பார்த்தது. அது உங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். வீட்டு விசேஷங்களில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால் சிரிப்போடு விட்டுவிடுகிற சமாசாரம் இல்லை அது. உங்கள் ரத்தத்தோடு சம்பந்தப்பட்டது. எந்த டாக்டரிடம் போனாலும் நீங்கள் வாய்திறந்து சொல்ல வேண்டியது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்குத் திருமுக்கூடல் பக்கம் ஆற்றோரத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. கரும்பு வைப்பார். சொந்தமாக ஒரு கரும்பாலையும் வைத்திருந்தார். ஆலை என்றால் மிஷின் இல்லை, மாடு கட்டிச் சுற்றுவது. தை, மாசியில் அக்கம்பக்கத்துக் கரும்பெல்லாம் அவர் கொட்டகைக்கு வரும். சாறு பிழிந்து பெரிய கொப்பரையில் ஊற்றி, கரும்புச் சக்கையைப் போட்டு எரித்து, வெல்லம் காய்ச்சுவார்கள். பாகின் பதம் பார்ப்பது மாமா. அவர் கையசைத்தால்தான் கொப்பரை இறங்கும்.

நாங்கள் உத்திரமேரூரில் இருந்தோம். நான் நெல் அரவை மில்லில் வேலை பார்த்தேன். ஆலை ஆடும் காலத்தில் லீவு சொல்லிவிட்டு மாமா வீட்டுக்குப் போய்விடுவேன். வேலைக்குக் கூடமாட ஒத்தாசை செய்யத்தான் போனேன் என்றால் உங்கள் அம்மா சிரிப்பாள். அவளை எனக்குத்தான் கொடுப்பது என்று அப்போதே பேசிவைத்திருந்தார்கள்.

நான் சொல்வது அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். அந்த வருஷம் மாமாவுக்குத் தாகம் அதிகமாக இருந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். குடித்த வேகத்தில் வேலியோரம் போய்வருவார். ஆளும் இளைத்துப்போனார். ஒருத்தரும் கவலைப்படவில்லை. நாள் முழுக்கக் கொப்பரை நெருப்புக்கு முன்னால் நிற்கிறவனுக்குத் தாகம் எடுக்காமல் என்ன செய்யும்? வேர்வையில் கரையாமல் என்ன செய்யும்?

அவர் போய்வந்த வேலியோரத்தில் எறும்பு சாரிசாரியாக மொய்த்தது. அதுவும் எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆலைக்காரன் வேட்டியில் எறும்பு, துண்டில் எறும்பு, படுக்கிற பாயில் எறும்பு. மூத்திரத்திலும் இருந்தால் அது என்ன அதிசயம்? வேறு தொழில் செய்கிறவர் வீடாக இருந்தால் யாராவது ஒருவர் யோசித்திருப்பார்கள். வெல்லம் காய்ச்சுகிற வீட்டில் எறும்பைப் பார்த்து யார் யோசிப்பார்கள்?

நைனா ஒரு நாள் வந்திருந்தவர் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா விட்டாரா?

"மச்சான், வெல்லம் காய்ச்சிக் காய்ச்சி உன் மூத்தரமே பானகமா ஆயிட்டுதுபா. இதையும் கொப்பரைல ஊத்திடு, வீணாப் போவுது."

"ஊத்தலாம் மாப்ள. மொதல்ல காயறத உனுக்குத்தான் தருவேன். அசல்லேர்ந்து வந்தவனுக்கு அந்த மரியாதகூடச் செய்யலன்னா எப்டி?"

அசல் என்றால் சொந்தத்துக்கு வெளியே. எங்கள் அம்மா வீட்டில் தலைமுறை தலைமுறையாக மாமன் மகள், அத்தை மகன் என்று உள்ளுக்குள்ளேயே கொடுத்து எடுத்தவர்கள். அம்மாவைத்தான் முதன்முதலாக அசலில் கொடுத்தார்கள், உறவே இல்லாத நைனாவுக்கு. கல்யாணமாகி இருபது வருஷம் கடந்த பிறகும் மாமா நைனாவை அசலூரான் என்றுதான் வம்பிழுப்பார். நைனாவும் சளைத்தவர் இல்லை. இருவரும் சந்தித்தால் கொட்டகையில் வேலை நடக்காது, எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

மாசியில் ஒரு நாள் பாகு தெறித்து மாமாவின் புறங்காலில் விழுந்தது. பாகுச் சூடு உங்களுக்குத் தெரியாது. நெருப்பு பட்டால் உதறிவிடலாம், பாகு ஒட்டிக்கொண்டு சுடும். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, வாழைப்பட்டைச் சாறு ஊற்றிக் கட்டினார். வழக்கமாக இந்த மாதிரிப் புண் சீக்கிரம் காய்ந்துவிடும். இது காயவில்லை. சீழ் வைத்தது. பக்கத்து ஊர் கம்பவுண்டர் வந்து கழுவிக் கட்டிவிட்டு சல்பா மாத்திரை கொடுத்தார். அந்தக் காலத்தில் சீழ் வைத்த புண்ணுக்கு எல்லாருக்கும் கொடுத்த மருந்து அது. எனக்கும் கொடுத்திருக்கலாம். நல்ல வேளை, எனக்கு அப்படி ஒரு புண் வரவில்லை.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் மாமா எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார். இடுப்பு வலி என்றார். உதடு வெளுத்து, கண் மஞ்சளாகிவிட்டது. அன்றைக்குப் போன மூத்திரம் கொப்பரை கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. அத்தனை கறுப்பு.

காமாலை என்று ஊரே சொல்லிவிட்டது. கண் மஞ்சளானால் வேறு என்ன? எங்கள் பக்கத்தில் காமாலையா என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தார்கள். வெறுஞ்சோற்றில் மூத்திரத்தை ஊற்றி வைப்பார்கள், சோறு மஞ்சளானால் காமாலை. அதையும் செய்து பார்த்தார்கள். சோறு செம்பழுப்பாக ஆனது. முற்றிப்போன காமாலை, அதனால்தான் இந்த நிறம் என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார்கள். உப்பு, புளி, காரம், எண்ணெய் எல்லாம் நிறுத்தியாயிற்று.

பிறகு காமாலைக்காரனுக்கு எல்லா ஊரிலும் கொடுப்பது இருக்கிறதே, கரும்புச்சாறு. ஈரலுக்குக் குளிர்ச்சி என்பார்கள். மாமாவுக்கு அதில் பஞ்சமா? ஆலை வாசலிலேயே இருக்கிறது. அத்தை காலையில் ஒரு சொம்பு, மத்தியானம் ஒரு சொம்பு, அந்தியில் ஒரு சொம்பு என்று பிழிந்து இஞ்சி தட்டிப்போட்டுக் கொடுத்தார். அண்ணன் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு என் அம்மா உத்திரமேரூரிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தோடு ஓடிவந்தார். வருகிற சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு பொட்டலம், பேரீச்சம்பழம், கற்கண்டு. மாமாவுக்கோ அடங்காத தாகம். கொடுத்ததையெல்லாம் வாங்கிக் குடித்தார்.

"பாவம், எம்மாம் ஆசையா குடிக்கிது பாரு. ஒடம்பு கேக்குது" என்றார் அம்மா.

அதற்கப்புறம் மாமா பேச்சைக் குறைத்துக்கொண்டார். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்ப்பார், மூடிக்கொள்வார். மூச்சு மட்டும் ஓடி வந்தவனுக்கு வாங்குவது மாதிரி வாங்கியது. நைனா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா மச்சான், படுத்துக்கினே ஆல ஓட்டப் பாக்கறியா?" என்று சீண்டிப் பார்த்தார். மாமா பதில் சொல்லவில்லை. நைனா முகம் சுருங்கி வெளியே வந்துவிட்டார். மாமா வம்புக்குப் பதில் சொல்லாமல் இருந்ததை அவர் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

அப்போதுதான் உங்கள் அம்மா பேசினாள். அவளுக்குப் பதினாறு, பதினேழு வயது. படுத்திருந்த அப்பாவுக்குச் சட்டி வைத்து எடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"மாமா, இது காமால இல்லன்னு தோணுது" என்றாள் நைனாவிடம். அவளுக்கு அவர் அத்தை புருஷன், மாமா முறை.

"ஏம்மா?"

"எதுத்த வூட்டு அண்ணனுக்குக் காமால வந்தப்ப சோறு பளிச்சுனு மஞ்சளா ஆச்சி. நான் பாத்தேன். இது கேவுரு களி மாரி கீது. அதுவும் இல்லாம அந்த அண்ணன் சாறு குடிக்கக் குடிக்கத் தெளிஞ்சிது. அப்பா குடிக்கக் குடிக்க மயங்குது."

அத்தை, "சும்மா இருடி, பெரியவங்க பேசறப்ப" என்று அதட்டினார். நைனா அதட்டவில்லை. "பொண்ணு சொல்றதுல ஞாயம் கீது. காஞ்சிபொரம் இட்டுக்கினு போலாம்" என்றார். ஒரு பெண் பிள்ளை சொன்னதை அன்றைக்கு நைனா காது கொடுத்துக் கேட்டாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

வெல்லம் ஏற்ற மண்டி லாரி வந்து நின்றிருந்தது. பாதிதான் ஏற்றியிருந்தார்கள். நைனா டிரைவரிடம் போய்த் தயங்கினார். அவர் காஞ்சிபுரத்து பாய். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கு இன்னாத்துக்கு நைனா யோசன? ஏத்து. வெல்லம் நாளைக்குப் போனாலும் வெல்லம்தான்" என்றார். பாதி லோடோடு வண்டியைக் கிளப்பினார். வெல்ல மூட்டைகளின் மேல் வைக்கோல் பரப்பி மாமாவைப் படுக்கவைத்து, நானும் நைனாவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனோம். அம்மாவும் அத்தையும் முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். வழி முழுக்கத் தேனீ கூடவே வந்தது.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் ஒரு டாக்டரம்மா. முப்பது வயதுகூட இருக்காது. மாமாவின் கண்ணை இழுத்துப் பார்த்தார், காலைப் பிரித்துப் பார்த்தார், வாய்க்குப் பக்கத்தில் குனிந்து மூச்சை முகர்ந்து பார்த்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"என்ன சாப்பிடக் கொடுத்தீங்க?"

அம்மாவுக்குப் பெருமை. "ஒண்ணும் கொற வெக்கலமா. வேளைக்கு ஒரு சொம்பு கரும்புச்சாறு. அப்பறம் குளுகோசு, கல்கண்டு, பேரிச்சம்பழம்..."

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "இவர் மூத்திரத்துல எறும்பு வருமா?"

நைனா சிரித்தே விட்டார். "வரும்மா. ஆலைக்காரரு. அவரு நெழலுக்கே எறும்பு வரும்."

டாக்டரம்மா மூத்திரத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, நீல மருந்து கலந்து, ஸ்பிரிட் விளக்கில் எங்கள் கண்முன்னாலேயே காய்ச்சினார். நீலம் மாறிச் செங்கல் நிறம் வந்தது. "இது முழுக்கச் சர்க்கரை. இவருக்கு ரொம்ப நாளா நீரிழிவு இருந்திருக்கு. உங்களுக்குத் தெரியல" என்றார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்க அண்ணனுக்கு நானே வெஷத்த ஊத்தனேனா?"

"நீங்க காமாலைன்னு நினைச்சு, காமாலைக்குக் கொடுக்கறதக் கொடுத்தீங்க. எழுந்திருங்கம்மா, இன்னும் நேரம் இருக்கு."

அந்த 'இன்னும் நேரம் இருக்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் நான்கு பேரும் அன்றைக்கு நின்றோம். மாமாவுக்குக் கையில் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள், இன்சுலின் போட்டார்கள். ஆனால் சர்க்கரை மட்டும் அல்ல என்றார் டாக்டரம்மா. சர்க்கரைக்கு மூத்திரம் கறுக்காது. ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைந்து அந்தச் சிவப்புதான் மூத்திரத்தில் போகிறது. உடனே ரத்தம் ஏற்றாவிட்டால் தாங்காது.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

"நீ யாரு அவருக்கு?"

"தங்கச்சி மவன் மா."

"அப்ப வேண்டாம்பா. கொஞ்சம் இரு."

டாக்டரம்மா என் அம்மா பக்கம் திரும்பி, அம்மாவின் பிறந்த வீட்டு ஆண்பிள்ளைகளில் வேறு யாருக்காவது இப்படிக் கறுப்பாகப் போயிருக்கிறதா என்று கேட்டார். அம்மா அப்போதுதான் சொன்னார். அவருக்கு மூத்த அண்ணன் ஒருவர் இருந்திருக்கிறார். மலைப்பக்கம் வேலைக்குப் போன இடத்தில் மலேரியா வந்து, ஏதோ மாத்திரை கொடுத்து, கறுப்பாக மூத்திரம் போய், வீடு வந்து சேராமலே செத்துப்போனாராம். அவரை ரத்தக் காட்டேரி அடித்துவிட்டது என்றுதான் வீட்டில் நம்பினார்கள். வருஷா வருஷம் காட்டேரிக்குப் படையல் வைத்தார்கள்.

டாக்டரம்மா என்னிடமும் நைனாவிடமும் கொஞ்சம் கொஞ்சம் ரத்தம் எடுத்தார். இரண்டு குழாயிலும் ஒரு நீலச் சாயத்தைக் கலந்து வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்திவைத்தார். நாங்கள் வராந்தாவில் காத்திருந்தோம். பிறகு கூப்பிட்டுக் காட்டினார். நைனாவின் குழாயில் நீலம் போய்ச் சிவப்பு தெளிந்திருந்தது. என் குழாயில் வைத்த நீலம் வைத்தபடி இருந்தது.

"இந்தப் பையன் ரத்தத்துல ஒரு என்சைம் குறைவு. இவருக்கும் அதேதான் இருக்கணும். அந்த சல்பா மாத்திரை இவங்களுக்கு ஆகாது. கொடுத்தவர் மேல தப்பில்ல, ஊருக்கெல்லாம் நல்லது செய்யற மாத்திரைதான். இவங்க ரத்தத்துக்குத்தான் ஆகாது."

என்சைம் என்றால் என்ன என்று அவர் சொன்னதை நான் ஆலைக்காரன் வழியில் இப்படிப் புரிந்துகொண்டேன். சாறு கொதிக்கும்போது ஒரு ஆள் ஓயாமல் அழுக்கு நுரையை வழித்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆள் மந்தமாக இருந்தாலும் சின்ன நெருப்பில் சமாளித்துவிடலாம். திடீரென்று நெருப்பைக் கூட்டினால் கொப்பரை பொங்கி வழிந்துவிடும். எங்கள் ரத்தத்தில் நுரை எடுக்கிற ஆள் மந்தம். ஆகாத மாத்திரை என்பது திடீர் நெருப்பு. மற்ற நாளெல்லாம் எந்தக் குறையும் தெரியாது. எனக்கு இருபது வயது வரைக்கும் தெரியவில்லையே.

இது பெண்கள் வழியாக வருவது என்றும் சொன்னார். அம்மா சுமப்பாள், அவளுக்கு ஒன்றும் செய்யாது, மகனுக்கு வெளியே தெரியும். உள்ளுக்குள்ளேயே கொடுத்து எடுத்த குடும்பத்தில் யார் ரத்தத்தையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. ஆக, அந்த இடத்தில் மாமாவுக்கு ரத்தம் கொடுக்கக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான். அசலூரான். பொருத்தம் பார்த்தார்கள், அதுவும் சேர்ந்தது.

நைனாவுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். அம்மை குத்துகிறவர்கள் வந்தால் ஏரிக்கரை தாண்டி ஓடிவிடுகிற ஆள். சாயம் பார்க்க விரலில் குத்தியதற்கே முகம் வெளுத்திருந்தார். இப்போது புட்டியையும் குழாயையும் பார்த்ததும் கட்டிலை விட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

"மொத்தத்தையும் எடுத்துடுவீங்களாமா?"

"ஒரு பாட்டில்தான். மறுபடி ஊறிடும்."

"கெணறா ஊறறதுக்கு?" என்றார். ஆனால் படுத்துவிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் நகம் பதிந்த தழும்பு ரொம்ப நாள் என் மணிக்கட்டில் இருந்தது. பாட்டில் நிறைந்ததும் கண்ணைத் திறந்து பார்த்து, "நல்லா செகப்பாதான் கீது" என்றார், ஏதோ தன் வயலில் விளைந்ததைப் பார்க்கிறவர் மாதிரி.

அப்புறம் எங்கள் வேலை மூத்திரம் பார்ப்பது. காலையில் நர்ஸ் ஒரு கண்ணாடி ஜாடியை ஜன்னலோரம் வைப்பார். வெளிச்சத்தில் எட்டி எட்டிப் பார்ப்போம். கறுப்பு மாறிப் பாலில்லாத டீ மாதிரி ஆனது. டீ வெளுத்தது. ஒரு காலையில் சாதாரண மனுஷன் மூத்திரம் மாதிரி தெளிவாக இருந்தது. அத்தை அந்த ஜாடியைக் கையில் ஏந்திக்கொண்டு வராந்தாவில் நின்று ஓவென்று அழுதார். பக்கத்து வார்டுக்காரர்கள் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

மாமா நினைவு தெளிந்து பேசியதும் நைனா கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். இதற்காகவே காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"மச்சான், இப்ப உன் ஒடம்புல ஓடறது என் ரத்தம். இனிமே என்னை அசலூரான்னு சொன்னே, திருப்பி வாங்கிப்பேன்."

மாமா மெதுவாகச் சொன்னார். "அதான் பாத்தேன் மாப்ள. கண்ணு முழிச்சதுலேர்ந்து எனுக்கு இன்னாவோ ஊசியப் பாத்தா பயமா கீது."

வார்டே சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது அவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். ஆகாத மாத்திரைகளின் பேரைச் சொல்லிக்கொடுத்தார். துணிப்பெட்டியில் போடுகிற பாச்சை உருண்டையும் ஆகாது, முக்கியமாகப் பச்சைக் குழந்தைக்கு அந்த வாசம்கூட ஆகாது என்றார். நம் வீட்டுப் பெட்டியில் வேப்பிலையும் நொச்சியும் மட்டுமே கிடந்தது ஏன் என்று இப்போது புரியும்.

நைனா ஒன்று கேட்டார். "சக்கர வியாதியும் இந்த ரத்தக் கொறையும் ஒண்ணாலதான் ஒண்ணு வந்துதாமா?"

அவர், "எனக்குத் தெரியாது. இப்போதைக்கு யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கிறேன். ஆனா ரெண்டும் ஒரே உடம்புல இருந்துது. அதனால இந்தப் பையனும் தன் சர்க்கரையைப் பார்த்துக்கிட்டே இருக்கட்டும்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று அவர் சொன்னதால்தான் தெரியும் என்று அவர் சொன்ன மற்றதையெல்லாம் நாங்கள் நம்பினோம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐம்பதுக்கு மேல் எனக்கும் சர்க்கரை வந்தது, வந்த உடனே தெரிந்தது. மாமா மாதிரி மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும் என்ற நிலை வரவில்லை. அதற்கு அந்த டாக்டரம்மாவுக்குத்தான் நன்றி.

இப்போது என்னைப் பார்க்கிற டாக்டர் சொல்கிறார்: இந்தக் குறை உள்ளவர்களுக்குச் சர்க்கரை வியாதி வருவதற்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் எழுதுகிறார்களாம். இதனால்தான் அது என்று முடிந்த முடிவாக இன்னும் சொல்லவில்லையாம். ஆனால் ஒன்று நிச்சயம் என்றார். மூன்று மாதச் சர்க்கரை என்று ஒரு டெஸ்ட் எடுக்கிறார்களே, அது சிவப்பணுவை வைத்துப் பார்ப்பது. நம் சிவப்பணு சீக்கிரம் உடைந்தால் அந்த டெஸ்டில் சர்க்கரை குறைவாகக் காட்டிவிடும். நல்லாத்தான் இருக்கிறோம் என்று ஏமாந்துவிடக் கூடாது. பெரியவளே, சின்னவனே, உங்கள் இரண்டு பேருக்கும் இந்தக் குறை இருக்கிறது. நடுவுலவனுக்கு இல்லை. ரத்தம் கொடுக்கும்போது, மருந்து வாங்கும்போது முதலில் இதைச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மாமா திரும்பிவந்து ஆலையை ஓட்டினார். இன்சுலின் புட்டியை ஈர மணல் போட்ட பானைக்குள் வைத்திருந்தோம். உங்கள் அம்மா கண்ணாடி ஊசியை வெந்நீரில் கொதிக்கவைத்துத் தினமும் அவருக்குப் போட்டுவிடுவாள். பாகின் பதத்தை மாமா தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். ருசி பார்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும். அதற்கு நைனா பஸ் ஏறி வருவார். ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசிப்பார். "சுமாரா கீது மச்சான். இன்னொண்ணு குடு, சொல்றேன்" என்பார். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பார்.

எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் நைனா டாக்டரம்மாவிடம் போய் வெளிப்படையாகக் கேட்டார். பையனுக்கும் இருக்கிறது, பெண்ணும் சுமக்கிறது, கட்டிவைக்கலாமா? அவர், "வேண்டாம்னு நான் சொல்லல. பொறக்கற பொண்ணுக்கும் இது முழுசா வரலாம், அதைத் தெரிஞ்சுகிட்டுப் பண்ணுங்க" என்றார். தெரிந்துகொண்டுதான் பண்ணினோம்.

அறுபதுகள் முடிவதற்குள் பெரியவள் பிறந்தாள். தவழ ஆரம்பித்த பிறகு டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். மாமாவும் கூடவே வந்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. அதே நீலச் சாயம். குழாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீலம் போகவில்லை. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் கொறயெல்லாம் புள்ளைக்கு வந்துட்டுதேமா" என்றார் உங்கள் அம்மாவிடம்.

உங்கள் அம்மா குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். "உன்னுது வராம பின்ன யாருது வரும்? உன் மூக்குந்தான் அப்டியே வந்து கீது. அதுக்கு இன்னா செய்யச் சொல்ற?"

மாமா குழந்தையின் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆமா இல்ல?" என்றார்.